அறாத சங்கிலி

“அறாத சங்கிலி ஒண்டு செய்யப் பழக்கிவிடும், பிள்ளை” என்றார் அருளம்பலம்.

வதனி கராஜ் வாசலில் ஸ்னோ அள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். அள்ளுகிற சவளைக் கீழே வைக்கவில்லை.

“எதுக்கு?”

“என்ர ட்ரக்குக்கு.”

“ட்ரக்குக்கு எண்டு விளங்குது. எதுக்கு?”

“மேட்டில ஏறத்தான். வேற எதுக்கு?”

“ம்” என்றுவிட்டு வதனி மறுபடி அள்ளத் தொடங்கினார். அருளம்பலம் சுவரில் சாத்தியிருந்த மற்றச் சவளை எடுத்துத் தானும் அள்ளினார். அறுபத்திரண்டு வயது, அதோடு இடுப்பு வலி. வேண்டாம் என்று வதனி சொல்லவில்லை.

நான் கராஜுக்குள் என் ட்ரக்கின் பற்றரியை மாற்றிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன். அருளம்பலம் ஒருவரிடம் போய் ‘பழக்கிவிடும்’ என்று கேட்டதை நான் அதுவரை கண்டதில்லை.

விசயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ரொறன்ரோவில் இருந்து வடக்கே நாலு மணித்தியாலம் ஓடினால் எங்கள் ஊர். பதினாலு தமிழ்க் குடும்பம். வருசத்தில் ஐந்து மாதம் ஸ்னோ. அந்த ஐந்து மாதமும் மனுசர் எதையாவது பிடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். நாங்கள் ஒன்பது பேர் ரிமோட் ட்ரக்கைப் பிடித்துக்கொண்டோம். சப்பாத்துப் பெட்டி அளவு வண்டி. குறோலர் என்பார்கள். பாய்ந்து ஓடாது, ஊர்ந்து ஊர்ந்து கல்லிலும் கட்டையிலும் ஏறும். எங்கள் வீடுகளில் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பது இங்கே வேண்டாம்.

வதனிக்கு நாற்பத்தொரு வயது. நகரசபையின் ஸ்னோ தள்ளும் ட்ரக் ஓட்டுகிறார். அதன் பெரிய சில்லுகளுக்கு, ஸ்னோவில் சக்கரம் வழுக்காமல் இருக்க, சங்கிலி போட்டுப் போட்டே கை பழகினவர். சின்னச் சில்லுக்கும் அவரைப் போல யாராலும் செய்ய முடியாது. குரு என்று நாங்கள் அவரைச் சொல்வதில்லை. சொன்னால் கராஜ் கதவைச் சாத்திவிடுவார். ஆனால் சங்கிலி பழக வேண்டியவர்கள் அவரிடம்தான் போவார்கள். கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்வது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அதற்கும் பழகிக்கொண்டோம்.

அருளம்பலம் பிரேக் உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தேழு வருசம் தரம் பார்த்தவர். அவருடைய கண்ணுக்குப் பிழை தப்பாது. எங்கள் கழகத்துக்கு விதி எழுதியவரும் அவர்தான். மொத்தம் பதினொன்று. ரைப் பண்ணி, பிளாஸ்டிக் உறை போட்டு, ஆளுக்கொன்று தந்தார்.

நாலாவது விதி: வண்டி எதுவரை ஏறுகிறதோ ஆளும் அதுவரைதான். வண்டியை விட்டுவிட்டுத் தனியாக மேலே நடக்கக் கூடாது.

ஏழாவது விதி: நின்ற வண்டியைக் கையால் தூக்கினால் அன்றைய ஓட்டம் முடிந்தது.

ஒன்பதாவது விதி: நின்ற வண்டியை இன்னொரு வண்டி கயிறு கட்டி இழுக்கலாம். ஆனால் கயிறு வேண்டியவர், தருகிறவரின் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் யாரும் கயிறு இறக்கக் கூடாது.

மற்ற எட்டு விதியும் யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஊரெல்லாம் தள்ளிய ஸ்னோவைக் கொண்டுபோய்க் கொட்டும் வெளிக்குப் பின்னால் ஒரு மேடு இருக்கிறது. உச்சியில் ஒரு தட்டைப் பாறை. மாசி மாதக் கடைசி ஞாயிறு நாங்கள் அதில் ஏறுவோம். ஏறி முடித்தவர்களுக்கு மகாலிங்கம் தன் பிளாஸ்கில் இருந்து இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். பரிசு என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

மகாலிங்கமும் அருளம்பலமும் நாட்டை விட்டு வந்த புதிதில் ஒரு பேஸ்மென்ற் அறையில் ஒன்றாக இருந்தவர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரேயொரு குளிர்க்கோட்டு. ஒருவருக்குப் பகல் வேலை, மற்றவருக்கு இரவு வேலை. பகல் ஆள் வந்து கோட்டைக் கழற்ற, சூடு ஆறுவதற்குள் இரவு ஆள் போட்டுக்கொண்டு போவார். கழகத்தைத் தொடங்கியதும் அவர்கள் இருவரும்தான்.

இரண்டு வருசத்துக்கு முந்தி ஒரு ஏற்றத்தில், கடைசித் திருப்பத்தில், மகாலிங்கத்தின் வண்டியில் இருந்து சங்கிலி கழன்று பறந்தது. அருளம்பலத்தின் காலடியில் வந்து விழுந்தது. அருளம்பலம் அதை எடுத்தார். பழக்கதோசம், விரலால் உருட்டிப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்து எண்ணத் தொடங்கினார்.

வாய் சரியாகப் பொருந்தாத வளையம் ஒன்று. இரண்டு. மூன்று. அப்படியே பதினாறு வரை போனது. “பதினேழு, முனையைச் சேர்க்கப் பூட்டே இல்லை” என்று முடித்தார்.

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மகாலிங்கம் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைக் கையால் தூக்கினார். சங்கிலியை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டார். இறங்கிப் போய்விட்டார். அன்றில் இருந்து இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை. மனைவிமார் மட்டும் போனில் கதைப்பார்கள்.

அடுத்த வருசம் மகாலிங்கம் திரும்பி வந்தார், ஏறினார், பாறையில் இருந்தார். அருளம்பலத்தின் வண்டி கடைசித் திருப்பத்தில் வழுக்கி நின்றது. சங்கிலி கட்டுவது ஓடத் தெரியாதவனின் வேலை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். நாலாவது விதிப்படி அங்கேயே நின்றார். மேலே மகாலிங்கம் தேத்தண்ணி ஊற்றினார். நடுவில் நாற்பதடி தூரம்கூட இல்லை.

அப்படிப்பட்ட ஆள்தான் இப்போது வதனியின் வாசலில் ஸ்னோ அள்ளிக்கொண்டிருந்தார்.

அள்ளி முடிந்தது. வதனி உள்ளே வந்து சாவிக்கொத்தை எடுத்து வேலைக் கருவிகள் வைக்கும் அலுமாரியைத் திறந்தார். அந்தச் சாவிக்கொத்தில் வளைந்து நெளிந்த ஒரு கம்பித் துண்டும் தொங்கும். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. அலுமாரிக்குள் இருந்து மெல்லிய சங்கிலி ஒரு சுருளும், இரண்டு குறடும் வெளியே வந்தன.

“இருங்கோ, அண்ணை” என்றார்.

வேலை இதுதான். நீளச் சங்கிலி இரண்டு. அவற்றுக்கு நடுவில், ஏணிக்குப் படி வைக்கிறது போல, எட்டுக் குறுக்குச் சங்கிலி. அந்த ஏணியைச் சில்லைச் சுற்றிப் போட்டு இரண்டு முனையையும் பூட்ட வேண்டும். ஒரு வளையத்தைத் திறப்பதென்றால் இழுத்து விரிக்கக் கூடாது, பக்கவாட்டில் திருக வேண்டும். அப்போதுதான் திருப்பி மூடும்போது வாய் நேராக வந்து பொருந்தும். வதனி ஒருமுறை செய்து காட்டினார். அருளம்பலத்துக்கு இரண்டாம் முறை தேவைப்படவில்லை.

மூன்று சனிக்கிழமை வந்தார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல கை. ஒவ்வொரு வளையத்தையும் மூடிவிட்டு நகத்தால் தடவிப் பார்ப்பார். நகம் எங்காவது தடக்கினால் திரும்பத் திறந்து மூடுவார்.

இரண்டாவது சனிக்கிழமை வதனி திடீரென்று கேட்டார்.

“போன வருசம் வழியில நிண்டும் நீங்கள் சங்கிலி கேக்கேல்லை. இந்த வருசம் மட்டும் ஏன் ஏற வேணும்?”

அருளம்பலம் கையில் இருந்த வளையத்தை மூடி முடித்தார்.

“அவன் போறான்” என்றார். “கல்கரிக்கு. மகன்ர வீட்டோட. வீட்டை வித்தாச்சு. ஏற்றம் முடிஞ்சு வாற புதன்கிழமை பிளேன்.”

“போன் இருக்குதானே.”

“நான் எடுக்கிறதோ?”

“வீடும் இரண்டு தெரு தள்ளித்தான்.”

“போய் என்னெண்டு சொல்லிறது?” என்றார் அருளம்பலம். அவருடைய குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “மேல ஏறினால் தேத்தண்ணி எல்லாருக்கும் குடுப்பான். எனக்கும் தரத்தான் வேணும். கோப்பையை வாங்கேக்க ஏதாவது ஒரு கதை வரும். வராமல் விடாது. அதுக்கு முதல் நான் மேல நிக்க வேணும். அதுக்குத்தான் சங்கிலி. வழியில அறுந்துதெண்டால் எல்லாம் போச்சு.”

வதனி தலையை ஆட்டினார். குறட்டை எடுத்து அடுத்த வளையத்தைத் திறந்து கொடுத்தார்.

மூன்றாவது சனிக்கிழமை நாலு சங்கிலியும் முடிந்தன. பூட்டு மட்டும்தான் பாக்கி. வதனி மேசை லாச்சியைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். சாதாரண பேப்பர் கிளிப். ஒன்றை எடுத்து நிமிர்த்தி, வளையமாகச் சுற்றி, சங்கிலியின் இரண்டு முனையையும் அதால் பூட்டினார்.

அருளம்பலம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உது இப்போதைக்கோ?”

“இல்லை. உதுதான் பூட்டு.”

“பிள்ளை, நீர் பகிடி விடுறீர்.”

“இல்லை, அண்ணை.”

“எல்லா வளையமும் இரும்பு. பூட்டு மட்டும் கடதாசி குத்துற கம்பியோ? நான் கையால இழுத்தாலே கழண்டுபோம்.”

வதனி தன் வண்டியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார். அங்கே ஒரு மேப்பிள் மரத்தின் வேர் ஸ்னோவுக்கு மேல் முட்டிக்கொண்டு நிற்கும். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் போனோம்.

வண்டியை அந்த வேரில் ஏறவிட்டார். வேண்டுமென்றே கோணலாக ஏற்றினார். முன்சில்லின் சங்கிலி வேரில் கொழுவிக்கொண்டது. சில்லு நின்றுவிட்டது. மோட்டர் மட்டும் முனகியது. வதனி விசையை விடவில்லை, இன்னும் கொஞ்சம் அமத்தினார். கிளிப் நிமிர்ந்தது. சங்கிலி கழன்று ஸ்னோவில் விழுந்தது. சில்லு விடுபட்டது.

அவர் குனிந்து சங்கிலியை எடுத்து உதறினார். சட்டைப்பைக்குள் இருந்து இன்னொரு கிளிப்பை எடுத்துப் பூட்டினார். நான் மனதுக்குள் எண்ணினேன். இருபது எண்ணுவதற்குள் வண்டி அந்த வேரைத் தாண்டிப் போய்விட்டது.

“பூட்டுத் திறந்திட்டுது” என்றார் அருளம்பலம்.

“ஓம்.”

“அப்ப அது பிழைதானே?”

வதனி அவரை ஒருமுறை பார்த்தார். உள்ளே போய் கிளிப் பெட்டியை எடுத்து வந்து அவருடைய கையில் வைத்தார்.

“கொண்டுபோங்கோ. நூறு கிடக்கு” என்றார்.

அடுத்த வியாழக்கிழமை நான் அருளம்பலம் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து பேஸ்மென்ற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் நாலு சங்கிலியும் கிடந்தன. ஒவ்வொரு வளையத்தின் வாயையும் ஈயத்தால் பற்றவைத்து மூடி, அரத்தால் தேய்த்து, மினுக்கி வைத்திருந்தார். பூட்டு இருந்த இடத்தில் கிளிப் இல்லை. தடித்த உருக்கு வளையம் இருந்தது. அதுவும் பற்றவைத்திருந்தது.

“இழுத்துப் பார்” என்றார்.

இழுத்தேன். அசையவில்லை.

“இன்னும் இழு.”

கை நொந்ததுதான் மிச்சம்.

“இருநூற்றுச் சொச்சம் வளையம். ஒரு பிழை காட்டு பாப்பம்.”

என்னால் காட்ட முடியவில்லை. உண்மையிலேயே பிழை இல்லை.

“வதனி கெட்டிக்காரி. கைப்பழக்கம் இருக்கு. ஆனால் தரம் எண்டால் என்னெண்டு அந்தப் பிள்ளைக்குத் தெரியேல்லை” என்றார். கிளிப் பெட்டி எங்கே என்று கேட்டேன். மனைவி பில் குத்திவைக்க எடுத்துக்கொண்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை விடிய எட்டு மணிக்கு மேட்டின் அடியில் கூடினோம். சைபருக்குக் கீழே பதினெட்டு. வெயில் எறித்தது, காற்று இல்லை. மகாலிங்கம் வந்தார். எல்லாருக்கும் தலையாட்டினார். அருளம்பலத்துக்கு நேரே வந்தபோது பிளாஸ்கின் மூடியைச் சரிசெய்தார்.

புறப்படுவதற்கு முன்னால் ஒவ்வொருவருடைய சங்கிலியையும் வதனி விரலால் தொட்டுப் பார்ப்பது வழக்கம். அருளம்பலத்தின் வண்டிக்கு முன்னால் குந்தினார். பெருவிரலால் சங்கிலியைத் தடவினார். பூட்டு இருந்த இடத்தில் விரல் நின்றது.

“நல்லாப் பத்த வச்சிருக்கிறீங்கள்” என்றார்.

அருளம்பலத்தின் முகம் மலர்ந்தது. வதனி எழுந்து அடுத்த வண்டிக்குப் போனார்.

மகாலிங்கம் முதலாவதாகப் போனார். அவருக்குப் பின்னால் ஐந்து பேர். பிறகு நான், எனக்குப் பின்னால் அருளம்பலம். எல்லாருக்கும் கடைசியில் வதனி. அவர் எப்போதும் கடைசிதான்.

முதல் பாதியில் அருளம்பலத்தின் வண்டி ஏறியதைப் பார்க்க எனக்கே பொறாமையாக இருந்தது. சில்லு ஒரு இடத்திலும் சுழன்று வீணாகவில்லை. வழுக்கும் இடமெல்லாம் சங்கிலி கடித்துப் பிடித்தது. போன வருசம் நின்ற திருப்பத்துக்கு வந்தார், நிற்காமல் தாண்டினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. தாடை மட்டும் இறுகியிருந்தது. மேலே பாறையில் மகாலிங்கம் ஏற்கெனவே போய் உட்கார்ந்துவிட்டார். பிளாஸ்கைத் திறந்து கோப்பைகளை வரிசையாக வைப்பது தெரிந்தது.

அந்த இடத்தில் என் பற்றரி செத்துப்போனது. ஒவ்வொரு வருசமும் எங்காவது சாகும். வண்டி நின்றது, நானும் நின்றேன். அருளம்பலம் என்னைத் தாண்டிப் போனார்.

பாறைக்கு இருபத்தைந்து அடி இருக்கும். நகரசபை கொட்டிச் சரிவிலும் தள்ளிவிடும் ஸ்னோவுக்குள் என்னென்னவோ கிடக்கும். நத்தார் முடிந்து தெருவில் எறிந்த கிறிஸ்மஸ் மரங்களும் கிடக்கும். அப்படி ஒரு மரத்தின் கிளை ஸ்னோவுக்கு அடியில் இருந்திருக்கிறது. பின்சில்லின் சங்கிலி அதில் கொழுவியது. சில்லு நின்றுவிட்டது.

அருளம்பலம் பதறவில்லை. தன் சங்கிலியில் அவருக்கு நம்பிக்கை. விசையைக் கொஞ்சம் அமத்தினார். மோட்டர் முனகியது. சங்கிலி விடவில்லை. இன்னும் கொஞ்சம் அமத்தினார்.

வண்டிக்கு உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம்.

பின்சில்லு தளர்ந்தது, கிளையில் இருந்து விலகியது. வண்டி இரண்டடி பின்னால் வழுக்கி வந்து நின்றது. விசையை அமத்தினால் உள்ளே பல்லுக் கடிக்கிற சத்தம் வந்ததே தவிர வண்டி ஏறவில்லை.

அருளம்பலம் ரிமோட்டைக் கீழே இறக்கினார். கையால் வண்டியைத் தொடவில்லை. மேலே நடக்கவும் இல்லை. இரண்டும் அவர் எழுதிய விதி.

வதனியின் வண்டி அவசரப்படாமல் ஆறுதலாக ஊர்ந்து வந்து பக்கத்தில் நின்றது.

“எது உடைஞ்சது?” என்று கேட்டார் வதனி.

“பின் கியர். சத்தத்திலேயே தெரியும். பல்லு உடைஞ்சிட்டுது.”

“சங்கிலி?”

அருளம்பலம் குனிந்து பார்த்தார். வெயிலில் ஒவ்வொரு வளையமும் மினுங்கியது.

“சங்கிலிக்கு ஒண்டும் இல்லை.”

“நல்ல சங்கிலி” என்றார் வதனி. நக்கலாகச் சொல்லவில்லை.

மேலே யாரோ எதற்கோ சிரித்தார்கள். தேத்தண்ணி ஆவி எழும்புவது இங்கிருந்தே தெரிந்தது.

“காலமை என்ர பூட்டைத் தொட்டனீர்தானே. அப்பவே சொல்லியிருக்கலாம்” என்றார் அருளம்பலம்.

“வேரில ஏத்திக் காட்டினனான், அண்ணை. கிளிப்பும் தந்தனான்.”

அருளம்பலம் அந்தக் கிளையைப் பார்த்தார்.

“அந்தக் கிளிப் வேலையை நீர் ஆரிட்டப் பழகினனீர்?”

வதனி கையுறையைக் கழற்றி, கோட்டுக்குள் இருந்து சாவிக்கொத்தை எடுத்தார். வளைந்த அந்தக் கம்பித் துண்டை விரலில் பிடித்துக்கொண்டார்.

“அண்டைக்கு ஒரு சங்கிலியைத் தூக்கிப் பிடிச்சுப் பதினேழு பிழை எண்ணினீங்கள். பதினேழாவது என்ன?”

அருளம்பலம் யோசிக்கவில்லை. அந்த மனுசன் எந்தப் பிழையையும் மறப்பதில்லை.

“பூட்டு இல்லை எண்டது.”

“இருந்தது. நிமிர்ந்துபோய் ஸ்னோவுக்குள்ள கிடந்தது. அடுத்த நாள் இஞ்ச கொட்ட வரேக்க கண்டு எடுத்தனான். மகாலிங்கண்ணையிட்டக் கொண்டுபோய் இது என்னெண்டு கேட்டன். ஒரு பெட்டி கிளிப் தந்து அனுப்பினவர்.”

அருளம்பலம் அந்தக் கம்பித் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அண்டைக்கு அவன்ர கியருக்கு...”

“ஒண்டும் இல்லை. இன்னொரு கிளிப் போட்டிருந்தால் ஏறியிருப்பார்.”

“அப்ப ஏன் அவன் அதைச் சொல்லேல்லை?”

“நீங்கள் எண்ணிக்கொண்டிருந்தீங்கள்.”

அருளம்பலம் ஸ்னோவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பற்றரி இருந்தால் நானே கயிறு போட்டிருப்பேன். வதனியின் வண்டியிலும் கயிறு இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை, எடுக்கவா என்று கேட்கவும் இல்லை.

மேலே மூன்று பேர் குடித்து முடித்துவிட்டார்கள். கோப்பையைக் கவிழ்த்துத் தட்டும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இறங்கத் தொடங்கிவிடுவார்கள். இறங்கினால் ஏற்றம் முடிந்தது. புதன்கிழமை பிளேன்.

அருளம்பலம் எழும்பினார். பின்பக்கத்து ஸ்னோவைத் தட்டினார்.

“மகாலிங்கம்” என்றார்.

ஐந்தடி தள்ளி நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

“சத்தமாக் கூப்பிட வேணும் எண்டு ஒன்பதாவதில கிடக்கு” என்றார் வதனி.

அருளம்பலம் மூச்சை இழுத்தார். தொப்பியைக் கழற்றினார். அது எதற்கென்று எனக்குத் தெரியவில்லை.

“மகாலிங்கம். கயிறு வேணும்.”

மேலே பேச்சு நின்றது. எல்லாரும் கீழே பார்த்தார்கள். மகாலிங்கம் மட்டும் பார்க்கவில்லை. கையில் இருந்த கோப்பையைப் பாறையில் வைத்தார்.

“ஆர் கூப்பிடுறது?” என்றார் அங்கிருந்தே.

“நான்.”

“நான் எண்டால்?”

“அருள்.”

அருளம்பலத்தின் காது சிவந்துபோயிருந்தது. குளிருக்கும் அப்படிச் சிவக்கும்.

மகாலிங்கம் ரிமோட்டை எடுத்தார். அவருடைய வண்டி பாறையில் இருந்து திரும்பியது. பின்னால் கயிற்றை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கி வந்தது. ஆளும் பின்னால் பத்தடி இறங்கினார், அதற்குக் கீழே வரவில்லை. வண்டி அருளம்பலத்தின் காலடிக்கு வந்து, மேட்டுப் பக்கம் திரும்பி நின்றது. சில்லில் அதே பழைய சங்கிலிதான். வாய் பொருந்தாத வளையங்கள் அப்படியே இருந்தன. பூட்டில் ஒரு கிளிப்.

“கயிறு பழசு. நாலைஞ்சு முடிச்சுக் கிடக்கு. எண்ணிப் பாத்துக் கட்டு” என்றார் மகாலிங்கம் மேலிருந்து.

யாரும் சிரிக்கவில்லை.

அருளம்பலம் முழங்காலில் நின்று கயிற்றை எடுத்தார். கொக்கியைத் தன் வண்டியின் முன்பக்கத்தில் மாட்டினார்.

“எண்ணினியோ?”

“இல்லை.”

மகாலிங்கம் விசையை மெதுவாக அமத்தினார். கயிறு ஸ்னோவில் இருந்து எழும்பி இறுகியது. முடிச்சு ஒன்று கிறீச்சிட்டது. அருளம்பலத்தின் வண்டி அரையடி மேலே போனது, பிறகு இன்னும் அரையடி.

அருளம்பலம் கூடவே ஒரு அடி வைத்தார். கண் முடிச்சிலேயே நின்றது. வதனியின் பக்கம் சரிந்து, மேலே கேட்காத குரலில் கேட்டார்.

“பிள்ளை, வழியில உது அறுந்தால்?”

வதனி சாவிக்கொத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“அறுந்தால் இன்னொருக்காக் கூப்பிடுங்கோ” என்றார்.